மூன்று தெருவுக்கு ஒரு காஜா மெஷின்

அன்பு மகனே,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. ஒட்டினாலும் நம் ஆஸ்டின் டவுனில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். வீணாக எதற்குப் பசையைச் செலவு செய்வது என்று மடித்து மட்டும் கொடுத்திருக்கிறேன். உன் ஷெட்டுக் கதவுக்கு அடியில் ஒரு கை இதை உள்ளே தள்ளியிருக்கும். யார் கை என்று உடனே கதவைத் திறந்து பார்க்காதே. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திற. நடுவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதே. பெற்றவள் உன்னிடம் இதற்கு முன்னால் என்ன கேட்டிருக்கிறேன்? நிறையக் கேட்டிருக்கிறேன், நீ ஒன்றையும் செய்ததில்லை. அந்தப் பாக்கிக்கெல்லாம் சேர்த்து இந்த ஒன்றைச் செய்.

நீ அடுகோடியில் ஷெட் பிடித்து, லேத்தை இறக்கி, வாசலில் உன் பெயரை இங்கிலீஷில் எழுதி மாட்டியதை நானும் உன் அப்பாவும் வந்து பார்த்தோம். உன் அப்பா அந்தப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முழம் போட்டு அளந்தும் பார்த்துவிட்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம் வீடு வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்த ஆள் நமக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார். இறங்க வேண்டிய இடம் அதுதானா என்பது எனக்குச் சந்தேகம். ஆக, எங்களுக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. பெருமை பொங்கி வழிகிறது. வயிற்றெரிச்சல் வேறு விஷயத்தில்.

திங்கட்கிழமை சிறுதொழில் இலாகா அதிகாரி உன் பட்டறையைப் பார்க்க வருகிறார். பட்டறையில் லேத்தும் துளை போடும் ட்ரில்லிங் மெஷினும் இருந்தால் உன் பெயர் பட்டியலில் ஏறும், பெரிய ஃபேக்டரிக்குப் போல்ட்டும் நட்டும் செய்து கொடுக்கிற வேலை வரும். இல்லாவிட்டால் வராது. உன்னிடம் லேத் இருக்கிறது, ட்ரில்லிங் மெஷின் இல்லை. இதைக் கேள்விப்பட்டு நம் பாஷா பாய், இந்த வயதில், முழங்கால் வலியோடு, எங்கள் சங்கத்து ட்ரில்லிங் மெஷினை அனுப்பட்டுமா என்று கேட்க அடுகோடிக்கு வந்தார். நீ என்ன சொன்னாய்? 'பரவாயில்லை பாய், யார் தயவும் இல்லாம சொந்தக் கால்ல நிக்கலாம்னு பாக்கிறேன்' என்று சொன்னாயாம். உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். பாய் இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. 'உன் மகன் பெரிய ஆளாயிட்டான் தங்கச்சி' என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் கொடுத்த டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். டீயில் சர்க்கரை போடுகிறாரா, சர்க்கரையில் டீ ஊற்றுகிறாரா என்று தெரியாதபடிக்குக் குடிக்கிற மனுஷர் அவர். அவர் சர்க்கரை வேண்டாம் என்று சொன்னால் உள்ளே எவ்வளவு கசந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்.

சொந்தக் கால் என்றாயே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நீ முதன்முதலில் எழுந்து நின்றது என் தையல் மெஷினின் காலைப் பிடித்துக்கொண்டு. அந்த மெஷின் என் நாத்தனாருடையது. கால் உட்பட இரவல்.

அந்தக் காலத்தில் நான் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்தேன், கிழிந்ததை ஒட்டுப் போட்டேன், அதோடு மார்க்கெட் பக்கத்து கான்ட்ராக்டர் ஒருவருக்குக் காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அவர் ஃபேக்டரியிலிருந்து உடுப்பு ஆர்டர் வாங்குவார். துணியை வெட்டி நம் தெருவுக்கு அனுப்புவார். நாங்கள் தைப்போம். அவர் வீட்டுக்கு மாடி எழும்பும். எங்கள் வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருக்கும். நான் மட்டுமா? அடுத்த தெருவில் ஆரோக்கியம் அக்கா, அதற்கும் அடுத்த தெருவில் பாஷா பாய், மூன்று பேருக்கும் இதே கதைதான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டுதான் இருந்தோம். கான்ட்ராக்டர் என்னிடம் வந்து 'பாய் குறைச்ச கூலிக்குத் தைக்கிறாரும்மா' என்பார். பாயிடம் போய் என்னைச் சொல்வார். ஆரோக்கியம் அக்காவிடம் எங்கள் இரண்டு பேரையும் சொல்வார். அந்த மனுஷர் தையலே தெரியாமல் எங்கள் மூன்று பேரையும் எவ்வளவு அழகாகக் கத்தரித்து வைத்திருந்தார் என்பதை இப்போது நினைத்தாலும் மெச்சத் தோன்றுகிறது.

நீ மூன்றாவது படிக்கும்போது ஊரில் ஒரு பேச்சு வந்தது. சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு, அதிலும் பின்தங்கியவர்கள், சிறுபான்மையோர் என்றால் முதலில், சர்க்கார் நேராகவே ஆர்டர் வாங்கித் தருகிறதாம். அறிவிப்பு இங்கிலீஷில் ஒட்டியிருந்தது, கன்னடத்தில் ஒட்டியிருந்தது. தமிழ் படிக்கிற எனக்கு அது சுவரில் ஒட்டிய காகிதம், அவ்வளவுதான். உன் அப்பாதான் மிலிட்டரி மெஸ்ஸில் பட்லராக இருந்த இங்கிலீஷைக் கொண்டு படித்துச் சொன்னார். அவர் இங்கிலீஷில் பாதி சாப்பாட்டுப் பெயர்கள், அதனால் எனக்கு முழுதாக விளங்கவில்லை. நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மதம் என்றார். பௌத்தம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜப்பானாம்மா நீங்க?"

"ஆஸ்டின் டவுன் சார்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் பாஷை தமிழ், மதம் பௌத்தம், இருப்பது மைசூர் ராஜ்ஜியம், உங்களை நான் எந்த வரிசையில் போட என்று அலுத்துக்கொண்டார். எதில் போட்டாலும் முன்வரிசையில் போடுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார். மகனே, உதவி எங்கேயோ ஒரு கட்டிடத்துக்குள் இருக்கத்தான் இருக்கிறது. எந்தக் கதவு என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. அன்றைக்கு நான் தட்டாத கதவே இல்லை, அதில் ஒன்று கக்கூஸ் கதவு.

கடைசியில் தெரிந்தது இவ்வளவுதான். பட்டியலில் ஏற, தையல் மெஷின்களோடு ஒரு காஜா மெஷினும் இருக்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். காஜா என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்தக் கடிதத்தை வழியில் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பித்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றித் தைக்கிற தையல். கையால் தைத்தால் கண் போகும். மெஷினில் போட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடியும். மூன்று தெருவுக்கும் சேர்த்து ஒரே ஒரு காஜா மெஷின்தான் இருந்தது. சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டியபோது ஏலத்தில் பாஷா பாய் எடுத்தது. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம் என்றேனே, அந்த மெஷின் விஷயத்தில் மட்டும் முறைப்பு கிடையாது. யாருக்கு அவசரமோ அவர் வீட்டுக்குக் கைவண்டியில் போகும். கூலி கிடையாது. ஒரே சட்டம்: எண்ணெய் போட்டு வந்த மெஷின் எண்ணெய் போட்டுத்தான் திரும்ப வேண்டும், அதுவும் விளக்கு வைப்பதற்கு முன்னால். எண்ணெய் போடாமல் திருப்பினால் பாய் திட்ட மாட்டார். அடுத்த தடவை மெஷினைக் கொடுக்கும்போது எண்ணெய்க் குப்பியையும் கூடவே அனுப்புவார். அதற்குத் திட்டே தேவலை.

மூன்று பேரும் மனுப் போட்டோம். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் போட்டோம் என்பது கூடுதல் அழகு. அதிகாரி வெவ்வேறு நாளில் வருவார், அந்தந்த நாளில் பாயிடம் காஜா மெஷினை இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரோக்கியம் அக்காவும் நானும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்தோம். அவர் ஒரே நாளில் மூன்று இடத்தையும் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அப்போதுதான் மூன்று பேரும் முதன்முதலாக ஒரே இடத்தில், பாய் கடையில், உட்கார்ந்தோம். முதலில் கொஞ்ச நேரம் சண்டை. பிறகு பாய் சொன்னார், 'என் கடைக்கு மட்டும் கிடைச்சா உங்க ரெண்டு பேரையும் கான்ட்ராக்டர் தின்னுடுவான். உங்களுக்குக் கிடைச்சு எனக்குக் கிடைக்கலேன்னா என்னைத் தின்னுடுவான். மெஷினை முன்னாடி அனுப்புவோம், அவரைப் பின்னாடி அனுப்புவோம்.' திட்டம் அவ்வளவுதான். காலையில் பாய் கடை. அடுத்தது ஆரோக்கியம் அக்கா வீடு. அங்கேயே அதிகாரிக்கு மத்தியானச் சாப்பாடு. அவர் சாப்பிடுகிற நேரத்தில் மெஷின் பின் சந்து வழியாக நம் வீட்டுக்கு வந்துவிடும். வண்டி தள்ளுவது பாய் பொறுப்பு. சாப்பாடு உன் அப்பா பொறுப்பு. 'ஒரு மேஜரையே மூணு மணி நேரம் மேஜையை விட்டு எழுந்திரிக்காம உட்கார வெச்சிருக்கேன்' என்று உன் அப்பா சொன்னபோது நாங்கள் எல்லாரும் நம்பினோம். எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டாமா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள்.

முதல் கடை நல்லபடியாக முடிந்தது. காலையில் பாய் மெஷினைத் துடைத்து, அதன் வலது பக்கத்தில் சாக்கட்டியால் எழுநூற்று எண்பத்தாறு என்று எழுதியிருந்தார். அவருக்கு எந்த நல்ல காரியத்துக்கும் அதுதான் பிள்ளையார் சுழி. அதிகாரி பார்த்தார், தலையாட்டினார், டீ குடித்தார். மெஷின் ஆரோக்கியம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்த விதத்தைப் பார். அந்தச் சாக்கட்டி எழுத்தை ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் தீர்ந்தது. அக்கா துணியை எடுத்திருக்கிறாள், கையை நீட்டியிருக்கிறாள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாளாம். 'அடுத்தவங்க சாமி எழுத்தை அழிச்சா கை விளங்குமா?' என்று சொல்லி, அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, இடது பக்கத்தில் மாதா படத்தை ஒட்டினாள். தன் மெஷின் மாதிரித் தெரிய வேண்டுமே. அதிகாரி அதையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

உன் அப்பா சூப் கொண்டுபோய் வைத்தார். ஆட்டுக்கால் சூப். அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டு 'பேடா, வேண்டாம், நான் சைவம்' என்றார். உன் அப்பா அசரவில்லை. அடுத்தது கட்லெட். அதுவும் ஆடு. அதற்கடுத்தது கோழி ரோஸ்ட். தட்டு ஒவ்வொன்றாக வருகிறது, அவர் ஒவ்வொன்றாகக் கும்பிடுகிறார். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஊர்வலம் போகிற மாதிரி இருந்திருக்கும். கடைசியில் மேஜை அலங்காரத்துக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் இரண்டை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, 'சாக்கு, போதும், அடுத்த கடைக்குப் போகலாம்' என்று எழுந்துவிட்டார். மேஜரை மூன்று மணி நேரம் உட்கார வைத்தவர், புட்டிங் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'ஸார், ஸ்வீட்' என்று பின்னாலேயே ஓடி வந்தார்.

இங்கே என் வீட்டில் பாய் அப்போதுதான் மூச்சிரைக்க மெஷினை இறக்கி வைத்திருந்தார். வலது பக்கம் அவருடைய எழுத்து, இடது பக்கம் மாதா. எனக்கு மட்டும் அழிக்கக் கை வருமா? முன்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது. புத்தர் படத்தை எடுத்து அங்கே சாய்த்து வைத்து, இரண்டு வெள்ளைப் பூவும் வைத்தேன். திரும்பினால் வாசலில் அதிகாரியின் குடை. பாய் வெளியே போக வழியில்லை. சமையல்கட்டுக்குள் நுழைந்து திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அதிகாரி உட்காரவில்லை. மெஷினை முன்னால் நின்று பார்த்தார். வலது பக்கம் போய்ப் பார்த்தார். இடது பக்கம் போய்ப் பார்த்தார். ஏதோ கோயிலைப் பிரதட்சணம் வருகிற மாதிரி ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்தார். இப்போது மேடைக்கு மேடை ஒற்றுமை, ஒருமைப்பாடு என்று பேசுகிறார்களே, அந்த ஒருமைப்பாடு அன்றைக்கு என் வீட்டுக் கூடத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தது, எனக்கோ பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டிலிருந்து ஒரு இருமல். பாயின் பீடி இருமல் உனக்குத் தெரியும், தொம்மலூரில் இருமினால் இங்கே கேட்கும்.

"உள்ளே யாரு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் சார். உடம்பு சரியில்லை, படுத்திருக்கார்" என்றேன்.

வாயை மூடவில்லை, வாசலில் உன் அப்பா, வேர்த்து வழிய, கையில் புட்டிங்கோடு. "ஸார், எங்க வீட்டுக்கு வந்துட்டு ஸ்வீட் சாப்பிடாம போகக்கூடாது."

அதிகாரி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு கோபப்படாமல், ரொம்பக் களைத்துப்போன குரலில், தன் மைசூர்த் தமிழில் சொன்னார்:

"ஏனம்மா, காலையிலேர்ந்து பாக்கிறேன். நான் போற இடத்துக்கெல்லாம் இந்த மெஷின் எனக்கு முன்னாடியே போய் உட்கார்ந்துக்குது. நான் நடந்து வரேன், அது வண்டியில வருது. இப்போ அந்த இருமலும் கூடவே வந்துட்டுது. மூணு கடைக்கும் இல்லைன்னுதானே நான் எழுதணும்?"

மகனே, அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தப் பேனாவின் மூடி கழன்ற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அவர் எழுதிவிட்டால் நாளைக்குக் காலையில் மறுபடியும் கான்ட்ராக்டர் வீட்டு வாசல். இந்தத் தடவை அவர் சிரித்துக்கொண்டே துணி கொடுப்பார், கூலியைக் குறைப்பார், உன் பள்ளிக்கூடம் அந்த வருஷத்தோடு சரி. பயத்தில் சிலருக்கு அழுகை வரும். எனக்கு வாய் வரும். என் பிறவிக் கோளாறு அது, கல்யாணத்தின்போதே உன் பாட்டனார் எச்சரித்துத்தான் கொடுத்தார்.

"சார், நீங்க தப்பாப் பாத்துட்டீங்க. மூணு கடை இல்லை. ஒரே கடைதான். ஒரே வீட்ல இடம் பத்தலை, அதனால மூணு தெருவுல இருக்கு."

அவர் பேனா நின்றது. "ஒரே கடையா? அப்போ முதலாளி யாரு?"

 நான் முதலாளி என்றால் மற்ற இரண்டு பேருக்குத் துரோகம். பாய் என்றால் எனக்கு வயிறு எரியும். முழித்துக்கொண்டு நின்றேன். திரை விலகியது. பாஷா பாய் வந்தார், கையில் எண்ணெய்க் குப்பி. தொப்பியைச் சரி செய்துகொண்டு சலாம் வைத்தார்.

"மெஷின்தான் சார் முதலாளி. நாங்க மூணு பேரும் அதுகிட்டே கூலிக்கு இருக்கோம்."

அதற்குள் என்ன நடக்கிறதென்று பார்க்க ஆரோக்கியம் அக்காவும் வந்து சேர்ந்துவிட்டாள். அதிகாரி எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். ஒரே கடை என்றால் வழி இருக்கிறதாம், கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொள்ளலாமாம், சங்கத்துக்கு ஒரு காஜா மெஷின் போதுமாம். ஆனால் நீங்கள் நாளைக்கே அடித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று என்ன நிச்சயம் என்றார். ஆரோக்கியம் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "நாளைக்கு எதுக்கு சார், இன்னைக்கே அடிச்சுக்குவோம்" என்றாள். "ஆனா விளக்கு வைக்கிறதுக்குள்ள மெஷின் எண்ணெயோட திரும்பிடும்."

அவர் பேனாவை மூடினார். இல்லை என்று எழுதவில்லை. உண்டு என்றும் எழுதவில்லை. மறுநாள் ஆபீசுக்கு வரச் சொல்லி, எந்தக் கட்டிடம், எந்த மாடி, எந்தக் கதவு என்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போதும் புட்டிங் சாப்பிடவில்லை, அதில் முட்டை. உன் அப்பாவுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. சங்கம் உருவான கதையை யாரிடம் சொன்னாலும் அவர் அந்தப் புட்டிங்கில்தான் முடிப்பார்.

பிறகு நாங்கள் அலைந்த அலைச்சல் உனக்கே கொஞ்சம் நினைவிருக்கும். ஆள் சேர்க்கத் தொம்மலூர் வரைக்கும் போய்த் தையற்காரர்களைப் பிடித்து வந்தோம். தலைவர் யார் என்பதில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. சங்கத்துக்குப் பெயர் வைப்பதில் ஆரோக்கியம் அக்கா மாதா பெயர் வேண்டும் என்றாள், நான் புத்தர் பெயர் என்றேன், பாய் 'பேர்ல என்ன இருக்கு, முதல்ல தலைவர் நாற்காலிக்குக் கால் வைங்க' என்று முடித்தார். முதல் ஆர்டர் நேராக எங்கள் கைக்கு வந்த அன்று கான்ட்ராக்டர் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து, இவர்கள் எல்லாம் நான் வளர்த்துவிட்டவர்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மிட்டாய் நன்றாக இருந்தது, அதனால் நான் மறுத்துப் பேசவில்லை.

இதை எதற்குச் சொன்னேன் என்று உனக்கே புரியும், நீ என் பிள்ளை, என் வாயில் பாதியாவது உனக்கு மூளையாக வந்திருக்கும். நாங்கள் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். இரவல் வாங்கியதில் தப்பில்லை. இரவலை ஒளித்தோமே, அங்கேதான் மானம் போனது. சொல்லிவிட்ட பிறகு அதே மெஷின்தான் எங்களைக் கரையேற்றியது. இப்போது நீ எங்களுக்கு நேர் எதிராகச் செய்கிறாய். ஒளிக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன் என்கிறாய். அதற்குப் பெயர் சொந்தக் கால் இல்லை, மகனே, ஒற்றைக் கால். கொக்கு நிற்கலாம், அதற்கு மீன் வரும். உனக்கு அதிகாரி வருகிறார்.

சங்கம் இப்போது தையலோடு நிற்கவில்லை, பட்டறைக்காரர்களும் உறுப்பினர் ஆகலாம், சங்கத்து மெஷினை வாடகைக்கு எடுத்து வைத்தால் இலாகாவே ஒப்புக்கொள்கிறது. திங்கட்கிழமை அதிகாரி கேட்டால், இது சங்கத்து மெஷின், நான் உறுப்பினன் என்று தலைநிமிர்ந்து சொல். நீ இன்னும் உறுப்பினன் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தொந்தரவு வேண்டாமென்று நேற்று உறுப்பினர் படிவத்தில் உன் கையெழுத்தை நானே போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட மார்க் அட்டையில் உன் அப்பா கையெழுத்தை நீ போடுவாயே, அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் கலை கொஞ்சம் பிடிபட்டிருந்தது. தலைவர் அதைப் பார்த்ததும் ஒரே கோடாக அடித்துவிட்டார். 'அவன் கையாலேயே போடட்டும் தங்கச்சி. போட மாட்டேன்னு சொன்னா மெஷினைத் திருப்பிக் கொண்டு வந்துடறேன், எனக்கு ஒண்ணும் கோபம் இல்லை' என்றார். இதைச் சொல்லும்போதும் டீயில் சர்க்கரை இல்லை.

எங்கள் தலைவர் யார் என்று வழியில் படிக்கிறவர்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை, இல்லையா? தலைவர் தேர்தல் நடந்து பல வருஷம் ஆகிறது, என்னை ஒரே ஓட்டில் தோற்கடித்தார். அந்த ஓட்டு உன் அப்பாவுடையது என்று எனக்குச் சந்தேகம். இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிய கையும் அவருடையதுதான். வெளியே கைவண்டி நிற்கிறது, அதில் ட்ரில்லிங் மெஷின், எண்ணெய் போட்டுத் துடைத்தது. வண்டி தள்ள ஆள் பிடித்துக் கொடுத்தேன், ஆனாலும் மெஷினைத் தனியாக அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை என்று கூடவே நடந்து வந்திருக்கிறார். பையன் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரைக்கும் தட்டக்கூடாது, அவனாகத் திறந்தால் திறக்கட்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அதற்கென்ன தங்கச்சி, ரெண்டு வரி எழுதியிருப்பே, நிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாவம், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் எவ்வளவு எழுதுவேன் என்பதும் தெரியாது.

முழங்கால் வலிக்கிற மனுஷர் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார். காதைத் தீட்டிக் கேள், இருமுகிறார். கதவைத் திற. முதலில் உட்காரச் சொல். டீ போடு, சர்க்கரையை நான் சொன்னேன் என்று அள்ளிப் போடு.

உன் அம்மா